பூசணிக்காய்களுக்கு நடுவே நடந்தவர்

நாம் சேர்ந்து கோயிலில் முதல் நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்கிய பதினொரு பேரில் இன்றைக்கு எட்டுப் பேர் மிச்சம். எட்டுப் பேருக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் காலை வணக்கமும் மூட்டுவலித் தைலமும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் உங்களில் ஒருவர், "அந்த வருசம் உங்க மாந்தோப்புல செய்வினை வெச்சாங்களே, யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையே" என்று போட்டிருந்தீர்கள். உடனே இன்னொருவர், "அவங்கப்பாதான், ஊருக்கே தெரியும்" என்று பதில் போட்டீர்கள். கீழே நாலு சிரிப்புப் பொம்மைகள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. ஐம்பது வருடத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல் இருந்தவள் நான்தானே. அப்பா இல்லை, அதை வைத்தது நான். செய்வினையும் இல்லை. குழுவில் தட்டினால் விரல் வலிக்கும் என்பதால் இப்படித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தோப்பு உங்களுக்குத் தெரியும். அதியமான்கோட்டையைத் தாண்டி, இப்போது சர்வீஸ் ரோடு போகிற இடம். ஒன்பது மாமரங்கள். எட்டு எங்களுக்கு. ரோட்டை ஒட்டி நின்ற ஒன்பதாவது அந்தோணியாருக்கு. தம்பி ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் இழுப்பு வந்து கண் செருகிவிட்டதாம். அப்போது அப்பாவும் அம்மாவும் முழங்கால் போட்டு நேர்ந்துகொண்டார்கள். பையனைக் கொடுத்துவிடு சாமி, இந்த மரத்துக் காய் முழுவதும் வருசா வருசம் உன் திருநாளுக்கு வந்துவிடும் என்று. தம்பி பிழைத்தான். அது முதல் ஒவ்வொரு தவக்காலத்திலும் அப்பா அந்த மரத்தில் சுண்ணாம்பால் பெரிய சிலுவை போடுவார். திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தக் காய்களை ஏலம் விடுவார்கள். அந்த மரத்தடியில் விழுந்ததைக்கூட நாங்கள் பொறுக்கக்கூடாது. அணில் கடித்துப் போட்டதும் அந்தோணியாருடையதுதான். ஒரு தடவை ஒன்றே ஒன்றைப் பொறுக்கி நக்கிப் பார்த்தேன். மற்ற எட்டு மரமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவ்வளவு தித்திப்பு.

நாம் புதுநன்மைக்குத் தயாரான அந்த வருடம் இரண்டாவது வருடமாக மழை இல்லை. கிணற்றில் தவளைகூட இல்லை. தருமபுரியிலிருந்து மாங்காய் வியாபாரி வந்தார். பிஞ்சிலேயே தோப்பை மொத்தமாகப் பேசிக்கொள்கிற ஆள். அப்பாவுக்கு மோர் கொண்டுபோன நான் சொம்போடு பக்கத்தில் நின்றேன்.

"ஒம்போது மரமும் சேத்துத்தாங்க பேச்சு. ரோட்டோர மரந்தான் நல்லா காய்ச்சிருக்குது. அத வுட்டுட்டு மீதிய வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் வியாபாரி.

"அது சாமிக்கு வுட்டதுங்க."

"அப்ப மத்த எட்டையும் சாமிகிட்டயே வித்துக்கங்க" என்று சிரித்தபடி துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் அரிவாளின் முதுகால் அந்தச் சுண்ணாம்புச் சிலுவையைச் சுரண்டி எடுத்தார். பட்டை உரிந்து மரம் அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப்போனது. நான் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் தாமதமாகத்தான் கவனித்தார்.

"அடுத்த வருசம் ரெட்டிப்பா குடுத்துக்கலாம் கண்ணு. அம்மாகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை.

லீவு நாட்களில் கோயில் பக்கத்து அறையில் உபதேசியார் நமக்கு ஞானோபதேசம் எடுத்தார். மூக்குப்பொடி வாசனை, பிரம்பு, ஒரு கால் ஆடும் நாற்காலி. நல்ல மனிதர்தான். பயமுறுத்தினால்தான் பிள்ளைகளுக்குப் பக்தி வரும் என்று நம்பினார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் ஆபிரகாம் கதை சொன்னாரே, நினைவிருக்கிறதா? நட்சத்திரத்தை எண்ண முடிந்தால் எண்ணு, அத்தனை பிள்ளைகள் உனக்கு என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். நான் எப்படி நம்புவது என்கிறார் ஆபிரகாம். ஒரு பசுங்கன்றும் வெள்ளாடும் செம்மறிக் கிடாவும் கொண்டுவா, இரண்டு பறவைகளும் கொண்டுவா என்கிறார் கடவுள். மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார்கள். பறவைகளை வெட்டவில்லை.

"அந்தக் காலத்துல ஒப்பந்தம் பண்றவங்க அந்தத் துண்டுங்களுக்கு நடுவுல நடக்கணும். நான் பேச்சு மாறுனா எனக்கும் இதே கதிதான்னு அர்த்தம். புரியுதா?" என்று பிரம்பால் நாற்காலியைத் தட்டினார். "சாமிகிட்ட பேச்சு மாறுனா என்னாவும்? குடுத்ததத் திருப்பி எடுத்துக்குவாரு."

நடுவில் நடந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நீங்களும் கேட்கவில்லை, தட்டை எடுக்க ஓடினீர்கள். ஆபிரகாம்தான் நடந்திருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பேச்சு மாறக்கூடிய ஆள் அவர்தானே, வேறு யாரை நடக்க வைப்பார்கள்?

வியாபாரியின் ஆட்கள் ரோட்டோர மரத்தில் காய் இறக்கிய மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. மறுநாள் காலையில் இழுப்பும் வந்துவிட்டது. அம்மா அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நின்றது.

"நீங்க வரலீங்களா?" என்று அம்மா படியில் நின்றபடி கேட்டாள்.

"மாடு கெடக்குதில்ல" என்றார் அப்பா.

ஒரே ஒரு கறவை மாடு. அதை நானே பார்த்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அன்று எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. இப்போது புரிகிறது. ஆஸ்பத்திரியில் போய்ப் பிள்ளை பக்கத்தில் நின்றால் கடவுளின் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். பஸ் போன பிறகும் வெகுநேரம் ரோட்டிலேயே நின்றார்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. போன் ஏது அப்போது? அப்பா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தோப்புக்குப் போய் அந்த ரோட்டோர மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். சாராய வாசனை அடித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடித்தது.

கடவுள் கொடுத்ததை எடுத்துக்கொள்ள வந்துவிட்டார், தம்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒப்பந்தத்தைத் திரும்பப் போட்டால்தான் உண்டு. பசுங்கன்றுக்கு நான் எங்கே போவேன்? பரணில் அம்மா விதைக்கு வைத்திருந்த பெரிய பூசணிக்காய் இருந்தது. அது கன்று. சுரைக்காய் வெள்ளாடு. பரங்கிக்காய் செம்மறிக் கிடா. பறவைகளுக்கு அடைகாக்கிற கோழியின் கீழிருந்து இரண்டு முட்டைகள் எடுத்தேன், கோழி கையைக் கொத்திவிட்டது. எல்லாவற்றையும் நாலு நடையாகத் தோப்புக்குத் தூக்கிப் போய், ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் நடைபாதையின் இரண்டு பக்கமும் பிளந்து வைத்தேன். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இரத்தம் வேண்டுமே? செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து வெட்டு வாயில் பூசினேன். முட்டைகளை வெட்டவில்லை, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். பதினொரு வயதுப் பெண் இவ்வளவு கவனமாக ஒரு வீட்டுப்பாடம்கூடச் செய்ததில்லை.

இனி அப்பா நடுவில் நடந்து, இனிமேல் பேச்சு மாறமாட்டேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். நான் போய் எழுப்பினேன்.

"அப்பா, எந்திரிங்கப்பா. ஒரே ஒரு தடவ நடந்துட்டுப் படுத்துக்கங்க."

எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். புரண்டு படுத்தார். அதற்குள் பக்கத்துக் காட்டு வெள்ளாடுகள் பூசணிக்காயை மோப்பம் பிடித்து வந்துவிட்டன. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அவற்றை விரட்டுவதும், ஓடிப்போய் அப்பாவை உலுக்குவதுமாக வெயில் இறங்கும்வரை அலைந்தேன். கடைசியில் பாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சூரியன் மறைந்துகொண்டிருந்தது. இருட்டினால் ஒப்பந்தம் செல்லாது என்று எனக்கு ஏனோ ஒரு எண்ணம்.

அப்போது ரோட்டில் பஸ் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. அம்மா வந்தாள். தோளில் தம்பி, கையில் பிளாஸ்டிக் கூடை. நேராக நடைபாதையில் திரும்பினாள்.

"அம்மா, அதுல நடக்காதீங்க! நடக்காதீங்கம்மா!" என்று கத்தினேன்.

நடக்கிறவர்கள்மேல்தானே சாபம் வரும்? அப்பா மாறிய பேச்சுக்கு அம்மாவும் தம்பியுமா பூசணிக்காய் மாதிரி ஆகவேண்டும்?

அம்மா நிற்கவே இல்லை. "வழியில கெடக்குது, நடக்காம பறந்தா போவன்? மூணு நாளா காலு கடுக்குது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வரிசைக்கும் நடுவே, முதல் துண்டிலிருந்து கடைசி முட்டைவரை, தம்பியோடு நடந்து வந்துவிட்டாள். தம்பி தலையைத் தூக்கி, "அக்கா, பூசணிக்கா" என்றான். அந்தக் குரலில் காய்ச்சல் இல்லை, பசிதான் இருந்தது.

"வெதக்காய வெட்டிப்புட்டியேடி பாவி!" என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காய் இல்லை, சிலுவையும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். தம்பியை இறக்கி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் படுக்கவைத்தாள். அவன் கையை எடுத்து அப்பாவின் கன்னத்தில் வைத்தாள். நான் அத்தனை உலுக்கியும் எழாத அப்பா அந்தச் சின்னக் கை பட்டதும் கண்ணைத் திறந்தார். அதன்பிறகு அவர் அழுத சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

துண்டுகளை மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் தப்பு. விடிந்ததும் ஆடு மேய்க்க வந்தவர்கள், சிவப்பு பூசிப் பிளந்து கிடந்த பூசணிக்காயையும் முட்டையையும் பார்த்து அலறிவிட்டார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். உபதேசியார் பிரம்போடு வந்தார். நீங்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தீர்கள்.

"வேதக்காரங்க வூட்ல செய்வினையா? யாரு வெச்சது? இந்த வூட்டுப் புள்ளைக்கு நன்மை கெடையாது!" என்று கத்தினார்.

புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது வாசல் வழியே தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க வெச்சன்" என்றார் அப்பா. "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவளத் தடுக்காதீங்க. எனக்கு வேணும்னா நன்மை குடுக்காதீங்க."

நான் எதற்காக வைத்தேன் என்று அம்மாகூட முழுதாகக் கேட்கவில்லை. வெட்டி வைத்தது நான் என்பதைத் தவிர அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் சொன்னார். மரம் விஷயத்தில் ஒரு பேச்சுக்கு நிற்க முடியாத மனிதர், என் விஷயத்தில் ஊர் முன்னால் நின்றார்.

சனிக்கிழமை நமக்கு முதல் பாவசங்கீர்த்தனம். பங்குச் சாமியாரை நினைவிருக்கிறதா, வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தேடுவாரே, அவர்தான். திரைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மரம், சிலுவை, கன்று, ஆடு, கிடா, முட்டை, எல்லாம்.

"அப்ப உங்கப்பா நடக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி. தூங்கிட்டாருங்க. எவ்வளவோ எழுப்புனன்."

"அப்பறம் யாரு நடந்தா?"

"அம்மாங்க. தம்பியத் தூக்கிட்டு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பூசணிக்காய என்ன பண்ணீங்க?"

"கொழம்பு வெச்சுட்டாங்க சாமி. நாலு நாளா அதேதான்."

"நல்லாருந்துச்சா?"

"ம்."

"சரி. நாளைக்கு உங்கப்பாவ மொத வரிசையில ஒக்காரச் சொன்னன்னு சொல்லு. அவருக்குத்தான் மொதல்ல நன்மை."

ஏன் என்று விளக்கவில்லை. மறுநாள் உபதேசியார் முறைக்க முறைக்க அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தத் திருநாளில் ஏலத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மாங்காய்கூடப் போகவில்லை. தம்பிக்கு அதன்பிறகு இழுப்பு வரவே இல்லை. நேர்ச்சை தவறிய வருடத்தில்தான் அந்த நோய் அவனை விட்டுப் போனது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அப்பா மட்டும் அதை நம்பவில்லை. அடுத்த வருடத்திலிருந்து இரண்டு மரத்துக் காய்களைக் கொடுத்தார். சாகும்வரை ஒரு மாம்பழம் வாயில் வைக்கவில்லை. தம்பி தும்மினால்கூட அவர் முகம் வாடிவிடும். தவணை தள்ளிப்போயிருக்கிறது, என்றைக்காவது கடவுள் வந்து கேட்பார் என்ற நினைப்பிலேயே கண்ணை மூடினார். பிறகு ரோடு அகலமானபோது அந்த மரம் போயிற்று. அம்மாவும் போய், அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் வாசகம் வாசிக்க வேண்டியவருக்கு முட்டி வீங்கிவிட்டது என்று என்னை ஏற்றிவிட்டார்கள். அந்தக் கதையை நான் தேடிப் படித்ததே இல்லை, பயம். பூசையில் எத்தனையோ தடவை வாசித்திருப்பார்கள், ஆனால் நம் ஆட்கள் மைக் முன்னால் நின்றதும் ரயில் ஓட்டுவார்கள். அன்றைக்கு என் வாயாலேயே வாசித்தேன். கன்று, வெள்ளாடு, கிடா. துண்டுகளின்மேல் பறவைகள் இறங்க, ஆபிரகாம் விரட்டிக்கொண்டிருந்தார் என்று வந்தது. எனக்கு வெள்ளாடுகள் ஞாபகம் வந்து லேசாகச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் சூரியன் மறைகிற நேரம், ஆபிரகாம் தூங்கிவிட்டார்.

தூங்கிவிட்டார். நடக்கவேண்டிய ஆள் நடக்கவே இல்லை. இருட்டியதும் புகைகிற சட்டியும் தீப்பந்தமுமாகக் கடவுளே தனியாக அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடந்து போகிறார். நீ பேச்சு மாறினாலும் அந்தக் கதி எனக்கே வரட்டும் என்று. ஆபிரகாமை ஒருவரும் எழுப்பவில்லை. எங்கள் தோப்பில் தீப்பந்தம் இல்லை, பிளாஸ்டிக் கூடைதான் இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கோயில் மொத்தமும் என்னையே பார்த்தது. நம் ஊர் மைக் செட்டுக்காரன் இப்போது என் தம்பிதானே, அறுபதை நெருங்கும் ஆள், பெட்டி பக்கத்திலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னக்கா, மைக்கு போயிருச்சா?" என்று காதில் கேட்டான். மூச்சிரைத்தது. அந்த மூச்சு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

எப்படியோ வாசித்து முடித்தேன். பூசை முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் கல்லைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்பாவின் கல்லில் கிடந்த சருகுகளைத் தம்பி கையாலேயே தள்ளச் சொன்னேன். அவன் தள்ளி முடித்துக் கையைக் கல்லின்மேலேயே வைத்திருந்தான்.

நான் குனிந்து, "தூங்குங்கப்பா. நீங்க எந்திரிச்சு நடக்கவே வேண்டியதில்லையாம்" என்றேன்.